பெர்ஃபாமன்ஸ் காரும் திருட்டு பயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னுடைய முதல் டர்போ ஹேட்ச்பேக் ஓர் இரவில் வாசலிலிருந்து காணாமல் போனது. காலையில் கதவைத் திறந்தபோது அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஆறு மாதம் கழித்து அதே மாடலைத்தான் மறுபடியும் வாங்கினேன். "திரும்பவும் அதையேவா?" என்று கேட்காதவர்கள் இல்லை. அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கிறேன். நண்பர்கள் கார் வாங்கும்போதும் கூட இருந்திருக்கிறேன், தொலைத்துவிட்டு நிற்கும்போதும் கூட இருந்திருக்கிறேன். அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

இவ்வளவு திருட்டு நடக்கிறது என்று தெரிந்தும் இப்படி ஒரு காரை வாங்கலாமா?

வாங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கார் நாளைக் காலையில் இல்லாமல் போனால் உங்கள் குடும்பத்தின் பண நிலைமை ஆட்டம் காணக் கூடாது. மனசு ஆடத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் கடன் பாக்கி காரின் மதிப்பைவிட அதிகமாக இருந்து, இன்சூரன்ஸ் பணம் அதற்குப் போதாமல் போனால், இல்லாத காருக்கு வருடக்கணக்கில் தவணை கட்ட வேண்டியிருக்கும். திருட்டைவிடக் கொடுமை அதுதான்.

ஆகவே கணக்குப் போடும்போது காரின் விலையோடு நிறுத்தாதீர்கள். நல்ல பாலிசி, தனி இம்மொபிலைசர் (சரியான சாவியோ ரகசியமோ இல்லாமல் எஞ்சின் ஓடாமல் தடுக்கும் கருவி), டிராக்கர் (கார் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி), அதன் வருடச் சந்தா எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு படி கீழே உள்ள மாடலை வாங்குங்கள். பாதுகாப்புச் செலவில் கைவைத்து மேல் மாடலுக்குப் போவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

கட்டுப்படியாகும் என்றால் திருடனுக்காக ஆசையை விட வேண்டாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? டர்போ விழித்துக்கொண்டதும் முதுகில் ஒரு தள்ளு தள்ளுமே, அதற்காக எத்தனை வருடம் காத்திருந்தோம்!

ஏன் இந்த வகைக் கார்களையே குறி வைக்கிறார்கள்?

காரணம் ஒன்றல்ல. முதலாவது, உதிரி பாகங்கள். சாதாரண மாடலின் உடலுக்குள் விசேஷமான எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், இருக்கை, வீல் எல்லாம் பொருத்தியதுதான் பல பெர்ஃபாமன்ஸ் கார்கள். சாதாரண மாடல் வைத்திருப்பவர்கள் பலர் அந்தப் பாகங்களைத் தேடுகிறார்கள். முழுக் காரை விற்பதைவிடப் பிரித்து விற்பது சுலபம், பிடிபடும் வாய்ப்பும் குறைவு. என் கார் கிடைத்தபோது வீல்கள், முன் இருக்கைகள், ஹெட்லைட், டர்போ எதுவும் அதில் இல்லை. கூட்டை மட்டும் ஒரு மரத்தடியில் விட்டுப் போயிருந்தார்கள்.

இரண்டாவது, வேறு குற்றம் செய்துவிட்டுத் தப்பிக்க வேகமான வண்டி தேவைப்படுகிறது. மூன்றாவது, கண்டெய்னரில் ஏற்றி எல்லை தாண்டி அனுப்புகிற கும்பல்கள். நான்காவது, வெறும் ஆசைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு எங்காவது மோதிவிட்டுப் போகும் இளைஞர்கள்.

இது இன்று நேற்று வந்த வியாதியும் அல்ல. 1986-இல் வந்த ஃபோர்டு சியரா ஆர்எஸ் காஸ்வொர்த், பந்தயத்தில் ஓட அனுமதி பெறுவதற்காக, விதிப்படி சாலைக்கும் தயாரித்து விற்ற கார். 204 குதிரைத்திறன், பின்னால் பெரிய இறக்கை. ஆனால் கதவுப் பூட்டு சாதாரண குடும்பக் காருக்கானது. பிரிட்டனில் அது அவ்வளவு திருடு போனது. இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறிய ஏற்றத்தில் பல உரிமையாளர்கள் விற்றுவிட்டார்கள். அண்மைக் காலத்துக்கு வந்தால், அமெரிக்காவின் ஹைவே லாஸ் டேட்டா இன்ஸ்டிட்யூட் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2020 முதல் 2022 வரையிலான டாட்ஜ் சார்ஜர் ஹெல்கேட்டுக்குத் திருட்டு இன்சூரன்ஸ் கோரிக்கை வரும் விகிதம் சராசரிக் காரைப் போல 60 மடங்குக்கும் மேல்.

ஒரே தயாரிப்பாளரின் கார்களுக்குள்ளேயே திருட்டு விகிதத்தில் வித்தியாசம் மிகப் பெரியது. அதனால் "இந்த பிராண்ட் நல்லது" என்று பொதுவாகச் சொல்வதை நம்பாதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் மாடலையும் வருடத்தையும் சொல்லி விசாரியுங்கள்.

சாவி வீட்டுக்குள் என்னிடம் இருக்கிறது. வெளியே நிற்கும் காரை எப்படி எடுத்துப் போகிறார்கள்?

சாவியைக் கையில் எடுக்காமலே திறந்து ஸ்டார்ட் செய்யும் கீலெஸ் கார்களில் நடப்பது பெரும்பாலும் ரிலே முறை. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகப் புரியும்.

கதவுப் பிடியைத் தொட்டதும் கார் மெல்லிய குரலில் "சாவி பக்கத்தில் இருக்கிறதா?" என்று கேட்கிறது. அந்தக் கேள்வி சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் போகும். ஒன்றிரண்டு மீட்டர் தாண்டாது. சாவி அதைக் கேட்டதும் 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் ரகசியக் குறியீட்டோடு பதில் சொல்லும். இந்தப் பதில் பல மீட்டர் தூரம் போகும். கேள்வி கேட்கும் தூரத்தில் சாவி இருந்தால் உரிமையாளர் பக்கத்தில் நிற்கிறார் என்று கார் முடிவு செய்துவிடுகிறது.

திருடர்கள் இருவர் வருவார்கள். ஒருவர் காருக்குப் பக்கத்தில், இன்னொருவர் உங்கள் வாசல் கதவு அல்லது ஜன்னலுக்குப் பக்கத்தில். முதல் கருவி காரின் கேள்வியை வாங்கி இரண்டாவது கருவிக்கு அனுப்பும். அது பெரிதாக்கி வீட்டுக்குள் ஒலிக்கும். மேசைமேல் கிடக்கும் சாவி, கார் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பி உண்மையான பதிலைச் சொல்லும். குறியீட்டை யாரும் உடைக்கவில்லை, பேச்சைத் தூரத்துக்குக் கடத்தினார்கள், அவ்வளவுதான். குறியீடு எவ்வளவு பலமானதாக இருந்தாலும் இதற்குப் பயன்படாது. எஞ்சின் ஓட ஆரம்பித்தபின் சாவி விலகினால் கார் எச்சரிக்கை மட்டும் காட்டும், எஞ்சினை நிறுத்தாது. ஓடும் சாலையில் வண்டி திடீரென அணைந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

சூரிச் நகரின் இடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 தயாரிப்பாளர்களின் 10 கார் மாடல்களில் இதைச் செய்து காட்டி 2011-லேயே கட்டுரை வெளியிட்டார்கள். பத்தும் திறந்தன. அதற்கப்புறமும் அதே முறையில் வருடக்கணக்காகக் கார்கள் விற்பனைக்கு வந்துகொண்டே இருந்தன என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

அதற்குத் தீர்வு வந்துவிட்டதா?

இரண்டு வந்திருக்கின்றன. ஒன்று, சாவிக்குள் அசைவை உணரும் சிறு கருவி. சில நிமிடம் அசையாமல் கிடந்தால் சாவி தூங்கிவிடும், யார் கேட்டாலும் பதில் சொல்லாது. மேசைமேல் வைத்த சாவிக்கு இது நல்ல காவல். பாக்கெட்டில் நடமாடும் சாவிக்கு அல்ல.

இன்னொன்று அல்ட்ரா வைட்பேண்ட். இதில் சமிக்ஞை போய்வரும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். ரேடியோ அலை ஒரு நானோ நொடியில் சுமார் 30 சென்டிமீட்டர்தான் போகும். நடுவில் எந்தக் கருவி வந்தாலும் பயணத் தூரம் கூடுமே தவிரக் குறையாது. அதனால் ரிலே செய்தால் கார் கண்டுபிடித்துவிடும். புதுக் கார் பார்க்கப் போகும்போது "சாவியில் அல்ட்ரா வைட்பேண்ட் இருக்கிறதா, காரை ஸ்டார்ட் செய்யவும் அதைத்தான் பயன்படுத்துகிறதா?" என்று கேளுங்கள். பதில் தெரியாத விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில கார்களில் கீலெஸ் வசதியை மெனுவுக்குள் போய் அணைத்துவைக்கவும் முடியும். முடியுமென்றால் இன்றைக்கே அணைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்திக் கதவைத் திறப்பதில் ஒரு குறையும் இல்லை.

ஃபாரடே பை வாங்கினால் போதுமா?

ஃபாரடே பை என்பது ரேடியோ அலையைத் தடுக்கும் சாவிப் பை. ரிலேக்கு மட்டும் போதும், அதுவும் பை நல்ல நிலையில் இருந்தால். உள்ளே இருக்கும் உலோக இழை மடிப்புகளில் உடைந்துகொண்டே வரும். மாதம் ஒருமுறை சாவியைப் பைக்குள் போட்டு மூடி, காரின் பிடியை ஒட்டிவைத்துக் கதவைத் திறந்து பாருங்கள். திறந்தால் பையைத் தூக்கிப் போடுங்கள். மாற்றுச் சாவிக்கும் ஒரு பை வேண்டும். ஒரு சாவியைப் பத்திரமாகப் பையில் போட்டுவிட்டு, இன்னொன்றை வாசல் ஆணியில் தொங்கவிடுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஹெட்லைட் வழியாகத் திருடுகிறார்களாமே?

உண்மைதான். இதில் உங்கள் சாவி தேவையே இல்லை. அதனால் ஃபாரடே பையும் பயன்படாது.

இன்றைய காரில் விளக்கு, கதவு, எஞ்சின் எல்லாவற்றின் கணினிகளும் கேன் பஸ் என்ற இரட்டை வயரில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அங்கே பேசுவது யார் என்று பல கார்கள் சரிபார்ப்பதில்லை. ஹெட்லைட்டுக்குப் போகும் வயரைத் தொட்டுவிட்டால் "சரியான சாவி வந்திருக்கிறது" என்று ஒரு பொய்ச் செய்தியை உள்ளே விடலாம். 2022-இல் லண்டனில் வாகனப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரின் சொந்த கார் இப்படித்தான் போனது. சில மாதங்களுக்கு முன்பே அவருடைய பம்பரை யாரோ இழுத்து, ஹெட்லைட் இணைப்பைக் கழற்றியிருந்தார்கள். விஷமத்தனம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். பிறகு அவரும் கென் டின்டெல் என்ற நிபுணரும் சேர்ந்து திருடர்கள் பயன்படுத்தும் கருவியை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். அது ஒரு சாதாரண புளூடூத் ஸ்பீக்கரின் கூட்டுக்குள் ஒளிந்திருந்தது. 2023-இல் முழு விவரத்தையும் வெளியிட்டார்கள்.

உங்கள் காரின் முன் பம்பர் ஓரம் இழுபட்டிருந்தால், வீல் மேலுள்ள பிளாஸ்டிக் உறை தொங்கினால் அலட்சியமாக விடாதீர்கள். அது ஒத்திகையாக இருக்கலாம். அன்றிரவே காரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

ஓபிடி போர்ட்டைப் பூட்டலாமா?

பூட்டலாம். மெக்கானிக் கருவியைச் செருகும் அந்த வாய் வழியாகப் புதுச் சாவியைப் பதிவு செய்து ஓட்டிப்போவது பழகிப்போன முறை. அதன்மேல் போடும் உலோகப் பூட்டு அதிக விலையும் இல்லை. கண்ணாடியை உடைத்து உள்ளே வந்தவனுக்கு இன்னும் ஒரு தடை.

என் கார் பழையது. கீலெஸ் கிடையாது. தப்பித்தேனா?

எலக்ட்ரானிக் திருடனிடமிருந்து ஓரளவு தப்பித்தீர்கள். பழைய முறைத் திருடனிடமிருந்து இல்லை. ஐரோப்பாவில் இம்மொபிலைசர் 1998-இல் கட்டாயமானது, ஆஸ்திரேலியாவில் 2001, கனடாவில் 2007. அதற்கு முந்தைய காரில் அது இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2011 முதல் 2021 வரை விற்ற பல கியா, ஹூண்டாய் மாடல்களில் இம்மொபிலைசர் இல்லை. அவற்றைத் திருடும் முறை சமூக வலைதளங்களில் பரவியபின் அந்தக் கார்கள் எப்படித் திருடு போயின என்பதை உலகமே பார்த்தது.

இருந்தாலும் பழைய இம்மொபிலைசர் எல்லாம் கோட்டை அல்ல. சாவிக்குள் இருக்கும் 40 பிட் ரகசியக் குறியீட்டுச் சிப் ஒன்றை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-லேயே உடைத்தார்கள். மெகமோஸ் என்ற இம்மொபிலைசர் சிப்பின் பலவீனத்தை விளக்கும் கட்டுரைக்கு 2013-இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் தடை போட்டது. 2015-இல்தான் அது வெளிவந்தது.

ஆனால் பழைய காரில் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. வயரிங் எளிமையானது. பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் மின்சாரத்தை ஒரு மறைவான சுவிட்ச் மூலம் துண்டிக்கலாம். நல்ல எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. எஞ்சின் சுழலும், பிடிக்காது. திருடன் கார் ரிப்பேர் என்று நினைத்துவிட்டுப் போவான். சுவிட்சை எங்கே வைத்தீர்கள் என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள். என்னிடமும்தான்.

ஸ்டியரிங் லாக்கெல்லாம் பழைய சமாச்சாரம் இல்லையா?

இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான். ரிலே கருவியும் கேன் கருவியும் வைத்திருப்பவன் மின்சாரத்தோடு மோதப் பழகியவன். அவன் கையில் இரும்பை அறுக்கும் ரம்பம் எப்போதும் இருக்காது. இருந்தாலும் அது போடும் சத்தம் தெருவையே எழுப்பும். கண்ணுக்குத் தெரியும் பூட்டு அவன் பக்கத்து வண்டியைப் பார்க்கவே ஒரு காரணம் ஆகிறது.

விலை குறைந்த கம்பி வகையை வாங்காதீர்கள். ஸ்டியரிங் வளையத்தை ஓரிடத்தில் வெட்டி அதைக் கழற்றிவிடலாம். வளையம் முழுவதையும் மூடும் தட்டு வகை வாங்குங்கள். சுயேச்சையான சோதனை நிலையத்தின் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், தினமும் போடுங்கள். என் கார் போன இரவு, பூட்டு டிக்கியில்தான் இருந்தது. மழை பெய்தது, அலுப்பாக இருந்தது, நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

தனி இம்மொபிலைசர் எப்படி வேலை செய்கிறது?

சாவி சரியாக இருந்தாலும் இன்னொரு ரகசியம் தெரிந்தால்தான் கார் நகரும் என்பதே அடிப்படை. ஸ்டியரிங் பொத்தான், ஜன்னல் பொத்தான் போன்ற காரிலேயே இருக்கும் பொத்தான்களை நீங்கள் தீர்மானித்த வரிசையில் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. தனி விளக்கோ பெட்டியோ கண்ணில் படாது. ரிலே, கேன், சாவித் திருட்டு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே பதில் சொல்லும் என்பதால், ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

தயாரிப்பாளர்களும் இந்த வழிக்கு வந்திருக்கிறார்கள். டெஸ்லா 2018-இல் ஓட்டுவதற்கு முன் ரகசிய எண் கேட்கும் வசதியைக் கொடுத்தது. டாட்ஜ் 2021-இல் அறிவித்த மென்பொருள் இன்னும் சுவாரஸ்யம்: குறியீடு போடாவிட்டால் எஞ்சின் 675 ஆர்பிஎம்முக்கு மேல் சுழலாது, கிடைப்பது 2.8 குதிரைத்திறன். எழுநூறு குதிரைத்திறன் கார் நடந்து போகும் வேகத்தில் ஊரும். உங்கள் காருக்கு இப்படி ஏதாவது அப்டேட் வந்திருக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை.

பொருத்துபவர் முக்கியம். வயரிங்கில் தப்பு செய்தால் வாரன்டியும் போகும், காரும் நடுவழியில் நிற்கும். சர்வீஸுக்கு விடும்போது ரகசிய வரிசையைச் சொல்லாதீர்கள். அதற்கென்று சர்வீஸ் மோட் இருக்கும். என்ன பொருத்தியிருக்கிறீர்கள் என்று ஸ்டிக்கர் ஒட்டவும் வேண்டாம்.

டிராக்கர் இருந்தால் கார் திரும்பி வந்துவிடுமா?

வரலாம். அது தடுக்கும் கருவி அல்ல, தேடும் கருவி. இரண்டையும் குழப்பிக்கொண்டு இம்மொபிலைசரை விட்டுவிட்டு டிராக்கர் மட்டும் வாங்குகிறவர்கள் அதிகம்.

சாதாரண டிராக்கர் ஜிபிஎஸ் மூலம் இடத்தை அறிந்து மொபைல் நெட்வொர்க்கில் அனுப்புகிறது. இரண்டையும் சமிக்ஞையை முடக்கும் ஜாமர் கருவி அடைத்துவிடும். கண்டெய்னருக்குள்ளும் அடித்தளத்திலும் ஜிபிஎஸ் செத்துவிடும். அதனால்தான் விஹெச்எஃப் ரேடியோ சமிக்ஞையும் அனுப்பும் வகையைத் தேடுங்கள் என்கிறேன். தேடுபவர்கள் கையில் ரிசீவரோடு நெருங்கி வந்து கண்டுபிடிக்கலாம். தனி பேட்டரி, அசைவு எச்சரிக்கை, 24 மணி நேரமும் ஆள் இருக்கும் கண்காணிப்பு மையம் ஆகியவை இருக்க வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு உங்கள் போனில் வரும் எச்சரிக்கையை நீங்கள் தூக்கத்தில் பார்க்கப் போவதில்லை.

திருடர்கள் பலர் காரை எடுத்ததும் நேரே பட்டறைக்குப் போவதில்லை. ஏதாவது ஒரு சாதாரணத் தெருவில் ஒன்றிரண்டு நாள் நிறுத்திவிட்டு, யாராவது தேடி வருகிறார்களா என்று பார்ப்பார்கள். அந்த இடைவெளிதான் உங்கள் வாய்ப்பு.

பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஏர்டேக் போன்ற சிறு வில்லைகளை இரண்டாம் காவலாக ஒளித்து வைக்கலாம், விலையும் கொஞ்சம்தான். ஆனால் ஆட்களை ரகசியமாகப் பின்தொடர்வதைத் தடுக்க, கூடவே பயணிக்கும் அந்நிய வில்லையைப் பற்றி போன் எச்சரிக்கும். திருடனுக்கும் அந்த எச்சரிக்கை போகும். மக்களின் பாதுகாப்புக்காக வந்த விதி அது, நியாயமான விதி. அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள்.

எங்கே நிறுத்துவது நல்லது?

பூட்டிய கேரேஜ் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். பழைய சாமான்களை வெளியே எடுத்துவிட்டுக் காரை உள்ளே விடுங்கள். இல்லையென்றால் வெளிச்சம், கேமரா, ஆள் நடமாட்டம். வீட்டில் இரண்டு கார் இருந்தால் சாதாரணக் காரை வாசலை மறித்து நிறுத்துங்கள். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பிவிட்டு நிறுத்தினால் இழுவை வண்டியில் ஏற்றுவதும் சிரமம். தெருவில்தான் நிறுத்த வேண்டும் என்றால் உறை போடலாம். உறைக்குள் என்ன கார் என்று ஊருக்கே தெரியும்படி சின்னம் அச்சிட்ட உறை வேண்டாம்.

காரின் படத்தை இணையத்தில் போடலாமா?

போடுங்கள், ரசிப்பதற்குத்தானே வாங்கினோம். ஆனால் வீட்டு வாசல் தெரியும் படம் வேண்டாம். நம்பர் பிளேட்டை மறையுங்கள். இருக்கும் இடத்தை அப்போதே போடாமல் வீடு திரும்பியபின் போடுங்கள். கார் சந்திப்புகளிலிருந்து வரும்போது ஒரே வண்டி பின்னாலேயே வருகிறதென்று தோன்றினால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்; ஒரு சுற்று சுற்றிவிட்டு, சந்தேகம் தீரவில்லை என்றால் காவல் நிலையத்தின் பக்கம் விடுங்கள்.

விற்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இதை யாரும் கேட்பதில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். டெஸ்ட் டிரைவ் கேட்டு வந்து காரோடு போய்விடுவது உண்டு. சாவியை வாங்கிப் பார்த்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றைத் திருப்பித் தருவதும் உண்டு. வருபவரின் ஓட்டுநர் உரிமத்தைப் படம் எடுங்கள். இன்சூரன்ஸ் செல்லுமா என்று உறுதி செய்யுங்கள். இடம் மாறி உட்காரும்போது எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே இறங்குங்கள். பணம் கணக்கில் வந்துவிட்டதை உங்கள் வங்கியின் செயலியில் நீங்களே பார்க்க வேண்டும். அவர் காட்டும் திரை கணக்கில்லை.

இன்சூரன்ஸில் எதைப் பார்க்க வேண்டும்?

பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் வாசகங்களைப் பாருங்கள். நான் அடிபட்ட இடம் இதுதான்.

முதல் காரை ஒரே சாவியோடு வாங்கியிருந்தேன். "இரண்டாவது எங்கோ இருக்கிறது, தருகிறேன்" என்றார் விற்றவர். தரவில்லை, நானும் விட்டுவிட்டேன். கார் போனதும் இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்ட முதல் கேள்வி: "இரண்டு சாவியும் எங்கே?" அதை விளக்கி முடிக்க மூன்று மாதம் ஆனது. இரண்டு சாவி இல்லாத காரை வாங்கினால் அன்றைக்கே பழைய சாவிகளின் பதிவை அழித்து, புதிதாக இரண்டு பதிவு செய்யுங்கள்.

அடுத்தது மதிப்பு. சந்தை மதிப்பு பாலிசியில், திருட்டு நடந்த நாளில் காரின் விலை என்ன என்று அவர்கள் கணிப்பார்கள். அரிதான மாடலுக்கு அந்தக் கணிப்பு அநியாயமாகக் குறையும். உடன்பட்ட மதிப்பு பாலிசியில் தொகையை முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொள்கிறோம். விலை ஏறிக்கொண்டிருக்கும் காருக்கு இதுதான் சரி. வருடாவருடம் மதிப்பைத் திருத்த மறக்காதீர்கள்.

மாற்றம் எதையும் மறைக்காதீர்கள். வீல், எக்ஸாஸ்ட், எஞ்சின் ரீமேப் (எஞ்சின் மென்பொருளை மாற்றுவது) எதுவானாலும் எழுதிக் கொடுங்கள். டிராக்கர் கட்டாயம் என்று பாலிசியில் இருந்தால் சந்தா ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது. சாவி காருக்குள் இருக்கும்போது திருடு போனால் பல பாலிசிகள் பணம் தராது; குளிர் காலையில் எஞ்சினை ஓடவிட்டு வீட்டுக்குள் போய்வரும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். கடன் வாங்கி வாங்கிய காருக்கு, கடன் பாக்கிக்கும் இன்சூரன்ஸ் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை ஈடுகட்டும் கேப் இன்சூரன்ஸையும் விசாரியுங்கள்.

சாவியைத் தேடி வீட்டுக்குள் புகுந்துவிட்டால்?

கொடுத்துவிடுங்கள். இதில் இரண்டாவது பதிலே கிடையாது. கார் உலோகம், வீட்டுக்குள் தூங்குகிறவர்கள் நம் மனிதர்கள். எதிர்க்காதீர்கள், துரத்தாதீர்கள்.

சாவியை எங்கே வைப்பது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. வாசலுக்குப் பக்கத்தில் வைத்தால் தூண்டில் போட்டு எடுப்பார்கள். படுக்கை அறையில் ஒளித்தால் அதைத் தேடி உங்களிடமே வருவார்கள். என் வழக்கம்: கீழ்த்தளத்தில், கதவு ஜன்னலிலிருந்து தள்ளி, ஃபாரடே பெட்டிக்குள். தேடினால் கிடைக்கும் இடம்தான். கிடைக்கட்டும். இம்மொபிலைசரின் ரகசிய வரிசை தெரியாமல் அந்தச் சாவியால் கார் நகராது. ஆனால் நேருக்கு நேர் மிரட்டிக் கேட்டால் அதையும் சொல்லிவிடுவேன்.

கார் போய்விட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

வண்டியை இழுவை வண்டியோ கடன் கொடுத்தவரோ எடுத்துப் போகவில்லை என்று ஒரு நிமிடத்தில் உறுதி செய்யுங்கள். பிறகு காவல்துறை, டிராக்கர் மையம், இன்சூரன்ஸ், இந்த வரிசையில். பதிவு எண், சேஸி எண், தனி அடையாளங்கள், படங்கள் எல்லாம் போனில் ஒரே இடத்தில் இருக்கட்டும். அந்த நேரத்தில் கை நடுங்கும், எதுவும் நினைவுக்கு வராது.

டிராக்கர் ஓர் இடத்தைக் காட்டினால் நீங்கள் போகாதீர்கள். அந்த இடத்தை இணையத்திலும் போடாதீர்கள், திருடர்களும் படிப்பார்கள். கார் போனது என்ற செய்தியைப் பகிரலாம், படத்தோடு.

திரும்பக் கிடைத்த காரை வைத்துக்கொள்ளலாமா?

இன்சூரன்ஸ் பணம் வாங்கிவிட்டால் பொதுவாகக் கார் அவர்களுடையது. விரும்பினால் விலை பேசலாம். பணம் வாங்குவதற்கு முன் கிடைத்தால், எல்லாச் சாவிகளையும் புதிதாகப் பதிவு செய்யுங்கள், வயரிங் முழுவதையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தரைக்கடியில் திருடர்களே ஒரு டிராக்கரை விட்டுப்போயிருக்கலாம், மறுபடியும் வர.

எவ்வளவு காலம் கழித்தும் கார் கிடைக்கலாம் என்பதற்கு ஃபார்முலா ஒன் ஓட்டுநர் கெர்ஹார்ட் பெர்கரின் சிவப்பு ஃபெராரி எஃப்512எம் சாட்சி. 1995 ஏப்ரலில் இத்தாலியின் இமோலாவில், சான் மரீனோ பந்தயத்துக்கு வந்திருந்தபோது திருடு போனது. ஜப்பானுக்குப் போய், பிறகு பிரிட்டனுக்கு வந்தது. அதை வாங்கவிருந்த ஒருவருக்காக ஃபெராரி நிறுவனம் விவரங்களைச் சரிபார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. 2024-இல் லண்டன் போலீஸ் மீட்டது. 28 வருடம்!

பழைய கார் வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 17 எழுத்துகள் கொண்ட சேஸி எண்ணைக் கண்ணாடியின் கீழ், கதவுத் தூண், சேஸி, ஆவணம் நான்கிலும் ஒப்பிடுங்கள். ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது, இருந்தால் போலி. தயாரிப்பாளரிடம் எண்ணைக் கொடுத்துக் கேட்பது ஒரு மின்னஞ்சல் வேலை.

பயத்தில் காரை வெளியே எடுப்பதே இல்லை. என்ன செய்வது?

எனக்கும் அந்த நிலை வந்தது. இரண்டாவது காரை வாங்கி நான்கு மாதம் ஷெட்டிலேயே வைத்திருந்தேன். இரவில் ஒரு சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவேன். கடைசியில் பேட்டரி இறங்கியது, அதோடு டிராக்கரும் அணைந்தது. காவலுக்கு வைத்த கருவியே, நான் ஓட்டாததால் செத்துக் கிடந்தது. டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது, பிரேக் தட்டில் துரு ஏறியிருந்தது.

அதற்கப்புறம் இம்மொபிலைசரைப் பொருத்தி, பூட்டை மாற்றி, பாலிசியை வரி வரியாகப் படித்து முடித்தேன். செய்ய வேண்டியதெல்லாம் முடிந்தது என்று தெரிந்தபின் தூக்கம் வந்தது. இப்போது வாரம் இரண்டு முறையாவது எடுக்கிறேன். எண்ணெய் முழுச் சூடு ஏறும் வரை மெதுவாக, பிறகு சாலை காலியாக இருக்கும் இடத்தில் ஒரு நீண்ட இழுப்பு. திரும்பி வந்ததும் ஸ்டியரிங் பூட்டைப் போட்டு, சார்ஜரை மாட்டி, சாவியைப் பெட்டிக்குள் வைக்கிறேன். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகிறது.